வாடகைக் கடையில் சொன்ன எடை

வண்டியின் மேலே கட்டியிருக்கும் அந்த நீளப் பை உங்களுடையதுதானே? ஒரு பக்கத்துக் கயிறு தளர்ந்திருக்கிறது. டிரைவரிடம் சொன்னேன், சிரித்தார். எனக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. ஆனால் தளர்ந்த கயிற்றைக் கையால் காட்டினால் எந்த ஊரிலும் புரிய வேண்டும். அடுத்து நிற்கும் இடத்தில் நீங்களே ஒரு முறை இழுத்துப் பாருங்கள். பனியில் சறுக்கும் ஒற்றைப் பலகை, ஸ்னோபோர்டு என்று நினைக்கிறேன். காலுக்கு ஒன்றாக மாட்டும் ஸ்கீயாக இருந்தால் பை இத்தனை அகலமாக இருக்காது.

நீங்கள் போனில் "ஏறிட்டேம்மா, பக்கத்துல ஒரு வயசான மேடம்தான்" என்று சொன்னது காதில் விழுந்தது. தவறில்லை. வயதானவள்தான், மேடமும்தான். மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் நடத்தினேன். திலகவதி என்று பெயர். இந்த வண்டியில் தமிழ் தெரிந்தவர்கள் நாம் இருவர் மட்டுமே என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆகவே குரலைத் தாழ்த்திப் பேச வேண்டிய அவசியமில்லை. தாழ்த்திப் பேசி எனக்குப் பழக்கமும் இல்லை. கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்றே தொண்டையை வளர்த்தவள்.

கோபித்துக்கொள்ளாமல் ஒன்று சொல்லுங்கள். நாளைக் காலையில் இந்த ஜீன்ஸோடுதான் பனியில் இறங்கப் போகிறீர்களா? உள்ளே தெர்மல் போட்டிருக்கிறேன் என்று சொல்ல வருகிறீர்கள். உள்ளே என்ன போட்டாலும் வெளியே பருத்தி என்றால் பயனில்லை. நீங்கள் விழுவீர்கள், முதல் நாள் எல்லோரும் விழுவார்கள். பருத்தி நனையும், நனைந்தால் காயாது, காயாவிட்டால் உடம்பிலுள்ள சூட்டையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும். மேலே தண்ணீர் புகாத கால்சட்டை வாடகைக்குக் கிடைக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். காலுறை ஒன்றே போதும். மெல்லிய கம்பளி. குளிருக்குப் பயந்து நம்மவர்கள் இரண்டு மூன்று மாட்டிக்கொள்வார்கள். பூட்ஸுக்குள் இரத்த ஓட்டம் நின்றுபோய்க் கால் இன்னும் விறைக்கும். மணிக்கட்டுக்குக் காப்பு வாங்கினீர்களா? ஸ்னோபோர்டில் விழுகிறவர்கள் உள்ளங்கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டு போய்விடும். கையை மூடிக்கொண்டு முன்கையில் விழ வேண்டும். இப்படி. ஆம், அப்படித்தான்.

காதில் அந்த இயர்ஃபோனை மாட்டிக்கொள்ள வேண்டுமானால் மாட்டிக்கொள்ளலாம். ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், போதும்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. என் தங்கைக்காகக் கற்றுக்கொண்டேன். மங்கையர்க்கரசி. வீட்டில் மங்கை. ஒரே வீட்டில் நான் மாடியில், அவள் கீழே. அவளுடைய மகன் நன்மாறன் மூனிக்கில் வேலை செய்கிறான், அங்கேயே கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தியைப் பார்த்துத் திருமணம் செய்துகொண்டான். அவன் மலையிலிருந்து சறுக்கி வரும் படத்தை அனுப்பியதிலிருந்து இவளுக்கு அதே நினைப்பு. ஃபிரிட்ஜின் ஐஸ் தட்டைத் தவிர வேறு பனியைப் பார்த்திராதவள், அறுபது வயதுக்கு மேல் சறுக்க வேண்டும் என்கிறாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். மங்கை அதிகம் எதுவும் கேட்டதில்லை. கேட்கிறவளாக இருந்தால் மறுக்க எனக்கும் பழகியிருக்கும். பன்னிரண்டாவது முடித்ததும் திருமணம், பிறகு மாமியார், பிறகு அவர் படுத்த படுக்கையானதும் அவருக்குப் பணிவிடை. எனவே நான் படித்தேன். கிடைத்ததையெல்லாம் படித்தேன். வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் பேசும் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறிப்பெடுத்தேன்.

தினமும் மாலையில் அவளைச் சுவரில் முதுகு சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்வது போல் நிற்க வைப்பேன். தொடைக்குப் பலம் வேண்டும். பத்து எண்ணுவதற்குள் முனகுவாள். "அக்கா, நான் பனியில சறுக்கப் போறேனா, போலீஸ்ல சேரப் போறேனா?" என்பாள். நான் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணுவேன். மொசைக் தரையில் காலுறையோடு வழுக்கப் பழகினாள். ஹாலில் இந்த முனையிலிருந்து அந்த முனை, முழங்காலை மடக்கி, கைகளை முன்னே நீட்டி. வேலைக்கு வரும் சடையம்மா வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மங்கைக்கு அதிலும் வெட்கமில்லை. யாருக்கு முன்னால் வெட்கப்படுகிறாள், யாருக்கு முன்னால் படவில்லை என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது பொருத்தமான வாதமாகத் தோன்றவில்லை.

சென்ற ஆண்டு இதே தை மாதம் இங்கே குல்மார்க்குக்கு வந்தோம். நன்மாறன், அவன் மனைவி, மங்கை, நான். கூடவே சம்பந்திகள். அது நன்மாறனின் யோசனை. இரண்டு குடும்பமும் பழகட்டும் என்றான். சம்பந்தியம்மாள் பிரபாவதி நல்லவர், குறை சொல்ல மாட்டேன். காலையில் யோகா, மாலையில் பேட்மிண்டன், உடம்பு ஈர்க்குச்சி. பேசினால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு "ங்க". மங்கை எங்கள் அப்பாவைப் போல நெடிய உருவம், அகன்ற தோள், நல்ல சதை. சம்பந்தியம்மாள் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் இவள் சால்வையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொள்வாள். குளிர் என்று நினைத்தேன். அங்கே குளிர்தானே.

இப்போது ஒரு விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மீதி புரியாது. உங்கள் ஸ்னோபோர்டில் கால் பலகையோடு கட்டுப்பட்டே இருக்கும், விழுந்தாலும் கழலாது. ஸ்கீ அப்படியல்ல. பூட்ஸைப் பலகையோடு பிடித்துவைக்கும் பைண்டிங் என்ற பூட்டு, குறிப்பிட்ட விசைக்கு மேல் போனால் தானாகவே காலை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் முழங்கால் திருகிக்கொள்ளும். சீக்கிரமே விட்டுவிட்டால் சரிவின் நடுவில் ஒரு காலில் ஸ்கீ இருக்கும், ஒரு காலில் இருக்காது. அறுபது வயது இடுப்பெலும்பு அதைத் தாங்காது. எந்த விசையில் விட வேண்டும் என்பதை ஒரு திருகைத் திருப்பி ஓர் எண்ணில் வைப்பார்கள். அந்த எண்ணுக்கு எடை வேண்டும், உயரம் வேண்டும், வயது ஐம்பதுக்கு மேலா கீழா என்று தெரிய வேண்டும், பழகியவரா புதியவரா என்றும் தெரிய வேண்டும். கடைக்காரர் கேட்பார், நாம் சொல்ல வேண்டும். சொல்வது சரியாக இருக்க வேண்டும். இதில் மரியாதைக்கும் மறைப்புக்கும் இடமில்லை. மருத்துவரிடம் சொல்வது போல.

கடையில் வரிசையாக நின்றோம். கடைக்காரர் எடையைக் கேட்டார். பிரபாவதியம்மாள் "ஐம்பத்தாறு" என்றார், மணி அடித்தது போல. அடுத்து மங்கை. ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு "அறுபத்து நாலு" என்றாள்.

நான் அதிர்ந்துபோனேன். கிளம்புவதற்கு முந்தைய வாரம்தான் மாடியிலுள்ள என் எடைமெஷினில் அவளை நிறுத்திப் பார்த்திருக்கிறேன். அதை விடுங்கள். அடுத்து வயது. ஐம்பதுக்கு மேலா, கீழா என்று கேட்டார். "பிலோ" என்றாள். பக்கத்தில் முப்பத்து மூன்று வயது மகன் நிற்கிறான். அவன் கூரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

நான் திருத்தினேன். வேறென்ன செய்திருக்க முடியும்? நீங்களே சொல்லுங்கள். சரியான எடையைச் சொன்னேன். வயது அறுபத்திரண்டு என்றும் சொன்னேன். கடைக்காரருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ஆங்கிலத்தில் சொன்னேன். சம்பந்திகளுக்குக் குழப்பம் வேண்டாம் என்பதற்காகத் தமிழிலும் சொன்னேன். கத்தினேன் என்று நன்மாறன் பிறகு சொன்னான். கத்தவில்லை. என் வகுப்பறைக் குரல், அவ்வளவுதான்.

பிரபாவதியம்மாள்தான் முதலில் பேசினார். "பரவாயில்லைங்க சம்பந்தி, உங்களைப் பார்த்தா அத்தனையெல்லாம் தெரியறதில்லைங்க." எத்தனை பண்பாகச் சொன்னார் பாருங்கள். அதற்குத்தான் மங்கையின் முகம் அப்படி மாறியது. நான் சொன்னதற்கல்ல, அவர் சொன்னதற்கு. இதை நான் நன்மாறனுக்கும் விளக்கியிருக்கிறேன்.

கடைக்காரர் திருப்புளியைக் கையில் எடுத்தார். அட்டவணையைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு "சேம்" என்றார்.

ஆம், அதே எண்தான். நீங்கள் சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. எடை கூடினால் எண் ஒரு படி ஏறும். வயது ஐம்பதைத் தாண்டினால் ஒரு படி இறங்கும். அவள் இரண்டையும் குறைத்துச் சொல்லியிருந்தாள். ஒரு பொய் எண்ணைக் கீழே தள்ளியது, இன்னொரு பொய் மேலே தள்ளியது. இரண்டு உண்மைகளும் வந்து அதே இடத்தில் நின்றன. தற்செயல். முழுக்க முழுக்கத் தற்செயல். விடை சரியாக வந்துவிட்டது என்பதற்காகத் தவறான வழிமுறைக்கு நான் என்றுமே மதிப்பெண் கொடுத்ததில்லை.

பூட்ஸ் மாட்டும் பெஞ்சில் மங்கை உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பூட்ஸ் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கத்தான். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்னால் இலேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும், அதுதான் சரியான அளவு. நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் கேட்டாள், மெதுவாக. "அந்த நம்பரு மாறலைதானேக்கா?"

மாறவில்லை என்றேன்.

"அப்ப எதுக்குச் சொன்ன?"

நான் விளக்கத் தொடங்கினேன். எதிரெதிர்த் திசையில் செயல்படும் இரண்டு பிழைகள் என்று தொடங்கினேன். அவள் பூட்ஸின் பக்கிளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அத்தனை நாளும் அவள் பனியில் இறங்கவே இல்லை. மூட்டு வலி என்றாள். அவளுக்கு மூட்டு வலி கிடையாது. நான்கு மாதம் சுவரில் சாய்ந்து நின்ற மூட்டு அது, எனக்குத் தெரியாதா? எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, மகனும் மருமகளும் சம்பந்தியம்மாளும் விழுந்து எழுந்து சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிகச் சரியாக அளவு வைத்த ஸ்கீ, கடைச் சுவரில் சாய்ந்தே இருந்தது. அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. இத்தனை உழைப்பும் ஒரு பிடிவாதத்தில் போயிற்று.

நானா? நான் இறங்கினேன். ஒரு மணி நேரம் பயிற்சி எடுத்தேன். முறையாகத்தான் செய்தேன், விழவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் டீக்கடையில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழற்றி வைத்துவிட்டேன். குளிர் அதிகமாக இருந்தது.

அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஓராண்டு ஆகப்போகிறது. ஒரே வீட்டில். மாவு அரைத்தால் எனக்கும் ஒரு பாத்திரம் வருகிறது, சடையம்மா கையில். வெள்ளிக்கிழமை சுண்டல் வருகிறது, சடையம்மா கையில். நான் மாடிப்படியிலேயே நின்றுகொண்டிருப்பேன், எனக்கு முன்னாலேயே "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குன்னு மாடியில சொல்லிரு" என்பாள் சடையம்மாவிடம். மாடியில். எனக்கு அதுதான் இப்போது பெயர். அக்கா என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு... அதை விடுங்கள்.

நான் அவளுடைய இடுப்பைக் காப்பாற்றினேன். அதைத்தான் யாரும் பேசுவதில்லை. எண் மாறவில்லையே என்கிறார்கள். மாறியிருந்தால்? மாறியிருந்தால் என்னைக் கொண்டாடியிருப்பார்களா? உண்மை பயன்பட்டால்தான் உண்மையா? நன்மாறன் போனில் சொல்கிறான், "பெரிம்மா, ஒரு தடவை சாரின்னு சொல்லிட்டா முடிஞ்சிரும்." எதற்கு? எடைமெஷின் அல்லவா மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

போன மாதம் மொட்டை மாடிக்குப் போனேன். கொடியில், மதுரை வெயிலில், இரண்டு தடித்த கையுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. பீரோவிலிருந்து எடுத்து அந்துருண்டை வாசம் போக வெயிலில் போட்டிருக்கிறாள். எனக்குப் புரிந்துவிட்டது. மறுபடியும் போகிறாள். என்னிடம் சொல்லவில்லை. அதன் பிறகு சாயங்காலங்களில் கீழே ஹாலிலிருந்து சத்தம் கேட்டது. சுவரில் சாய்ந்துகொண்டு தானே எண்ணுகிறாள். பத்தோடு நிறுத்தவில்லை. முப்பது வரை போனாள். நான் படியில் நின்று கேட்டேன்.

நன்மாறனிடம் கேட்டேன். அதே குடும்பம், அதே சம்பந்திகள், அதே கடை. நான் மட்டும் இல்லை. நேற்றே குல்மார்க்குக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கு ஓய்வு, நாளைக் காலையில் கடைக்குப் போகிறார்கள்.

நான் இந்த வாரம் வந்தது வேறு விஷயம். ஓய்வூதியக்காரர்களுக்கு எப்போது வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போக உரிமை உண்டு. குல்மார்க்கில் அறை போடவில்லை. கீழே தங்மார்க்கிலேயே ஒரு லாட்ஜில் போட்டிருக்கிறேன். அந்த உயரம் என் மூச்சுக்கு ஒத்துக்கொள்ளாது. சென்ற ஆண்டு ஒத்துக்கொண்டதே என்றால், அது சென்ற ஆண்டு.

என்ன பிரச்சினை என்று சொல்கிறேன், நீங்கள் படித்த பெண், புரியும். சென்ற ஆண்டு அவள் சொன்ன இரண்டு பொய்களும் ஒன்றையொன்று சமன் செய்தன. இந்த ஆண்டு செய்யாது. வயதை இனி அவளால் குறைக்க முடியாது, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வயது குறையாத விஷயம். ஆனால் எடை அப்படியல்ல. ஒரு வருடத்தில் இளைத்துவிட்டேன் என்று சொல்லலாம், யாரும் மறுக்க முடியாது. ஆகவே வயதை உண்மையாகச் சொல்வாள், எடையை மட்டும் குறைத்துச் சொல்வாள். எண் ஒரு படி கீழே போகும். சரிவின் நடுவில் ஸ்கீ கழன்றுவிடும். அதுவும் முதல் தடவை இறங்குகிறவள். பழகிவிட்டால் அவள் நிறுத்தவும் மாட்டாள், "இன்னும் ஒரே ஒரு தடவை" என்பாள், எனக்குத் தெரியும். களைத்த பிறகு இறங்கும் அந்தக் கடைசித் தடவையில்தான் அடிபடுவார்கள். நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயது எப்படி எல்லோருக்கும் தெரிந்தது என்று கேட்கிறீர்களா?

வெளியே பாருங்கள், பைன் மரங்கள் தொடங்கிவிட்டன. இன்னும் சிறிது தூரம்தான்.

தங்மார்க் வந்துவிட்டது. இங்கே வண்டிச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டுவார்கள், இல்லாவிட்டால் மேலே ஏறாது. நான் இறங்குகிறேன். அந்தக் கயிற்றை இப்போது இழுத்துக் கட்டச் சொல்லுங்கள், மறந்துவிடாதீர்கள்.

ஓர் உதவி. உங்கள் ஸ்னோபோர்டுக்கு மெழுகு போட நாளைக் காலை கடைத்தெருவுக்குப் போகத்தானே வேண்டும். கேபிள் காருக்குப் போகும் வழியில், இடது கையில், மஞ்சள் கதவு போட்ட கடை. அங்கே உயரமான ஓர் அம்மாள் இருப்பாள். கருநீல ஜாக்கெட், நெற்றியில் திருநீறு. கூட மகனும் சம்பந்தியம்மாளும் இருப்பார்கள். அவர்கள் இருக்கும்போது வேண்டாம். மங்கைக்குக் குனிந்து பக்கிள் போட நேரமாகும், எப்போதும் அவள்தான் கடைசி. அவர்கள் வெளியே போன பிறகு கடைக்காரரிடம் போய், ஓர் எண்ணை மட்டும் சொல்ல வேண்டும். இந்த அம்மாளுக்கு இதுதான் எடை என்று. அவர் அட்டவணையைப் பார்த்துத் திருகிக்கொள்வார். அவள் காதில் விழக் கூடாது. திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள், மெழுகைப் பற்றிக் கேட்பது போல நில்லுங்கள்.

நான் சொல்லப்போவது சென்ற ஆண்டு எண். இந்த ஆண்டு எண் எனக்குத் தெரியாது. அவள் மாடிக்கு வந்தால்தானே மெஷினில் நிற்பாள். படியில் நின்று பார்த்து எடையைக் கணிக்க முடியாது, நான் முயன்று பார்த்தேன். ஒன்றிரண்டு கிலோ வித்தியாசத்தால் படி மாறாது, அந்த மட்டில் நிம்மதி.

யார் சொன்னது என்று அவள் கேட்டால், கேட்க மாட்டாள். ஒருவேளை கேட்டால், வண்டியில் பார்த்த யாரோ ஒரு மேடம் என்று சொல். வேண்டாம், அதையும் சொல்லாதே. நன்றாக இறங்கினாளா என்று மட்டும் எனக்கு ஒரு போன் போடு. என் நம்பரை எழுதித் தருகிறேன்.

இப்போது எண். டிரைவர் கீழே இறங்கிவிட்டாரா? பின்னால் இருக்கிறவர்கள்? தமிழ் தெரியாது என்று நான்தான் சொன்னேன், இருக்கட்டும். அந்தக் கதவைச் சாத்து. கண்ணாடியையும் ஏற்று. இப்படிக் குனி அம்மா, இன்னும் கிட்டே வா.

கேட்டதா?

திருப்பிச் சொல்லாதே. தலையை மட்டும் ஆட்டு.